பாகம் பிரித்த வீட்டில் ஒழுகும் தளம்: ஒத்துழைக்காத பக்கத்து உரிமையாளரோடு தீர்வு காணும் வழி

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், கும்பகோணம் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளில், ஒரு காலத்தில் ஒரே குடும்பம் வாழ்ந்த வீடு பாகம் பிரிக்கப்பட்டு, நடுவில் ஒரு சுவர் மட்டும் எழுப்பப்பட்டு, இரண்டு வீடுகளாக நிற்பதைப் பல தெருக்களில் காணலாம். வரி ரசீது இரண்டு, மின் இணைப்பு இரண்டு, வாசல் இரண்டு. ஆனால் மேலே உள்ள தளம் பெரும்பாலும் ஒன்றே. அப்படிப்பட்ட வீட்டின் ஒரு பாதியை வாங்கியவர்களும், பெற்றோர் காலத்துக்குப் பிறகு அதைப் பராமரிக்க வந்தவர்களும் முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே சந்திக்கும் சிக்கல், கூரையின் ஒழுக்கு. நீர் நம் அறையில் சொட்டுகிறது. அது நுழையும் இடம் பக்கத்துப் பாகத்தில் இருக்கிறது. அந்தப் பாகத்தின் உரிமையாளரோ பதில் சொல்வதில்லை, அல்லது ஏறிப் பார்க்கவே விடுவதில்லை. இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இதற்கு முன் இத்தகைய பழுதைச் சந்தித்திராத ஒருவருக்காக எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அனுமதி. பணத்தைப் பற்றிய பேச்சு அதன்பின் வரட்டும். செலவில் பாதியைத் தாருங்கள் என்று தொடங்கிய பேச்சுகள் பல, வேலை தொடங்காமலே இரண்டு மூன்று மழைக்காலங்களைக் கடத்தியிருக்கின்றன. இதற்குள் உத்தரத்தின் முனை உளுத்துப்போனால், மிச்சப்படுத்த நினைத்த தொகையைப் போலப் பல மடங்கு செலவாகும்.

அன்றைய மழைக்குச் செய்ய வேண்டியவை

நீர் மின்விளக்கு, மின்விசிறி, சுவிட்சுப் பெட்டி ஆகியவற்றின் அருகே இறங்கினால் அந்த அறைக்கான மின்சாரத்தை முதலில் துண்டியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு உப்பிக் கொண்டிருந்தால் அதன் அடியில் எவரும் படுக்க வேண்டாம். மரக் கட்டைகளின் மேல் அமைந்த பழைய தளமாக இருந்தால், கட்டை சுவருக்குள் நுழையும் முனையை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நுனி எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது என்று பொருள், உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் பக்கத் தளத்தின் மேல் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்து வழியும் நீர் பக்கத்துப் பாகத்தில் போய்த் தேங்காதபடி அதை விரிக்க வேண்டும்.

நீர் எங்கே நுழைகிறது என்பதை உறுதிப்படுத்துதல்

பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் பிழையாகத் தொடங்குகின்றன. சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். பழைய சென்னைத் தளம் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இத்தனை அடுக்குகளில் ஏதோ ஓர் இடத்தில் நுழையும் நீர், அடுக்குகளுக்கிடையே ஊர்ந்து சென்று, தடை குறைந்த வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது. ஆகவே உங்கள் அறையின் நடுவில் சொட்டும் நீர் பக்கத்துப் பாகத்தின் ஓரத்தில் நுழைந்திருக்கவும் கூடும். நேர்மாறாக, பக்கத்து வீட்டுக்காரர் மேல் நாம் குற்றம் சொல்லும் ஒழுக்கு, நம் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் அடியில் தொடங்கியிருக்கவும் கூடும்.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. இரண்டு பாகங்களின் தளங்களும் சேரும் கோடு, நடுச்சுவர் தளத்துக்கு மேலே எழும் அடிப்பகுதி, மழைநீர் இறங்கும் குழாயின் வாய், மேல்நிலைத் தொட்டியின் அடி, அரசங்கன்றோ ஆலங்கன்றோ வேர்விட்டிருக்கும் வெடிப்பு ஆகியவையே அவை. ஒருவர் மட்டும் தம் பாதியின் மேல் சிமெண்டுத் தளம் போட்டு மட்டத்தை உயர்த்தியிருந்தால், அந்த விளிம்பை மிகக் கவனமாகப் பாருங்கள். மட்டம் உயர்ந்ததும் வாட்டம் மாறி, அதாவது தளத்தின் சரிவு மாறி, முன்பு தெருப்பக்கம் ஓடிய நீர் தாழ்ந்த பாதியில் தேங்கத் தொடங்கும்; அதோடு சிமெண்டும் சுண்ணாம்பும் வெயிலில் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை என்பதால், அவை சேரும் கோட்டில் மயிரிழை வெடிப்பு ஏற்படும். நான் பார்த்த பாகம் பிரித்த வீடுகளில் இந்தச் சேரும் கோடே மிகுதியாகக் குற்றவாளியாக இருந்தது. மழையே இல்லாத சித்திரையிலும் ஈரம் காயாமல் இருந்தால் கூரையை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயையும் தொட்டியையும் சோதியுங்கள்.

காய்ந்த காலத்தில் நீர்ச் சோதனை செய்வது வழக்கம். கான்கிரீட் தளமாக இருந்தால், குழாய் வாயைத் துணியும் மணல் மூட்டையும் கொண்டு அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி, ஒரு நாள் முழுவதும் கீழே கவனிக்கலாம். மரக் கட்டைத் தளத்தில் இதைச் செய்யவே கூடாது: பத்தடிக்குப் பத்தடி இடத்தில் ஓர் அங்குல நீர் என்பது ஏறத்தாழ 236 கிலோ எடை, உளுத்த கட்டை அதைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அங்கே தளத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, தாழ்ந்த பகுதியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் நனைத்த சாக்கை விரித்துச் சில மணி நேரம் ஈரமாக வைத்திருந்து, கீழே கறை விரிகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பான முறை. உங்கள் பக்கத்தை முழுவதும் சோதித்து அங்கே குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகு பேசினால், உங்கள் சொல்லுக்கு எடை கூடும்.

பதிவு செய்தல்

ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சுவரில் ஈரக்கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, அருகே தேதியை எழுதி, அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். எந்த நாளில் எத்தனை மணிக்குச் சொட்டத் தொடங்கியது, எப்போது நின்றது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அன்றாட மழையளவோடு இந்தக் குறிப்புகளை ஒப்பிட்டால், மழைக்கும் ஒழுக்குக்கும் உள்ள தொடர்பை எவரும் மறுக்க முடியாது. படங்களை எடுத்த கைப்பேசியை விற்றுவிடாமல் பாதுகாத்து வையுங்கள்; மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, சான்றுச் சட்டமான 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

இதோடு, கட்டடப் பொறியாளர் ஒருவரிடமிருந்து எழுத்து வடிவில் ஓர் அறிக்கை பெறுங்கள். அதில் நீர் நுழையும் இடம், காரணம், செய்ய வேண்டிய வேலை, பக்கத்துப் பாகத்தில் எத்தனை நாள் நிற்க வேண்டியிருக்கும் என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு அறிய விரும்புவது பெரும்பாலும் அதைத்தான்.

உண்மையான உரிமையாளர் யார்

பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் பதிவான விற்பனைகளும் பாகப்பிரிவினைகளும் தெரியவரும். சொத்துவரி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெயர் மாற்றாமலே காலமான ஒருவரின் பெயரில் சொத்து இருந்தால் வாரிசுகள் பலர் இருப்பார்கள். ஒருவர் தந்த வாய்மொழிச் சம்மதத்தை மற்றொருவர் மறுக்கக்கூடும் என்பதால், அனைவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டும்.

உங்களிடம் உள்ள பாகப்பிரிவினைப் பத்திரத்தை முழுமையாகப் படியுங்கள். நடுச்சுவர் பொதுவா, மழைநீர் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், மாடிப்படி யாருக்கு என்பவை சொத்து விவரப் பட்டியலின் கடைசி வரிகளில் ஒளிந்திருக்கும். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சட்டம் தருவதும் தராததும்

தமிழ்நாட்டில் பொதுச்சுவருக்கும் பொதுக்கூரைக்கும் என்று தனிச்சட்டம் கிடையாது. நமக்கு வழிகாட்டுவது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். வசதியுரிமை என்பது, ஒருவர் தம் சொத்தை அனுபவிப்பதற்காக மற்றவரின் சொத்தின் மேல் அவருக்கு உள்ள உரிமை. அதன் 13ஆம் பிரிவு பாகம் பிரித்த வீடுகளுக்கென்றே எழுதப்பட்டது போன்றது: கூட்டுச்சொத்து பிரிக்கப்படும்போது, ஒருவரின் பங்கை அனுபவிக்க மற்றவரின் பங்கின் மேல் ஒரு வசதியுரிமை இன்றியமையாததாக இருந்தால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அந்த உரிமை அவருக்கு உண்டு. பிரிவினையின்போது கண்ணுக்குத் தெரியும்படியும் தொடர்ச்சியாகவும் இருந்து, பங்கை அன்று அனுபவித்தபடியே அனுபவிக்கத் தேவையான வசதிகளும், மாறான எண்ணம் வெளிப்படுத்தப்படாதவரை, அவ்வாறே தொடரும். உங்கள் தளத்து நீர் பக்கத்துப் பாகத்தின் வழியே வடிந்து தெருவுக்குப் போவது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அந்தப் பாதியை நீங்கள் பிறகு விலைக்கு வாங்கியவராக இருந்தாலும், 19ஆம் பிரிவின்படி உரிமை சொத்தோடு சேர்ந்தே வரும். 24ஆம் பிரிவு, அவ்வுரிமையை முழுமையாக அனுபவிக்கத் தேவையானவற்றைச் செய்ய மற்றவர் இடத்தில் நுழையும் துணை உரிமையைத் தருகிறது. ஆனால் கூடியவரை தொந்தரவின்றிச் செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்தை இயன்றவரை சரிசெய்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இதே சட்டத்தின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வசதியுரிமையைக் காக்கத் தேவையான பழுதுபார்ப்புச் செலவு அந்த உரிமையை அனுபவிப்பவரையே சாரும் என்று 25ஆம் பிரிவும், சுமையைத் தாங்கும் சொத்தின் உரிமையாளர் அதற்காக எதையும் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர் என்று 27ஆம் பிரிவும் கூறுகின்றன. பணத்துக்கு முன் அனுமதியைக் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய தொட்டி வழிவதாலோ, உடைந்த குழாயை அவர் சரிசெய்யாததாலோ, அவர் மட்டத்தை உயர்த்தியதாலோ சேதம் வந்திருந்தால் நிலைமை வேறு. அது அவருடைய கவனக்குறைவாலும் இடையூறாலும் வந்த இழப்பு. அதற்கு ஈடு கோரலாம்.

பேசுதல்

ஒத்துழைக்காதவர் எல்லோரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நான் நம்பவில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு ஓர் அச்சம் இருக்கிறது. ஒரு முறை ஏற விட்டால் அதுவே நிலையான உரிமையாகிவிடுமோ என்பது முதல் அச்சம். அது முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பிவிட்டால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டை விற்கவோ இடித்துக் கட்டவோ எண்ணியிருப்பவருக்குக் கூரைக்குச் செலவிடுவது வீண் என்று தோன்றும். வாடகைக்கு விட்டிருப்பவர், குடியிருப்பவர் காலிசெய்துவிடுவாரோ என்று தயங்குவார். பிரிவினைக் காலத்து மனக்கசப்பு இருக்கும் இடங்களில், கூரையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே பழைய கதை முழுவதும் மேலே வரும். அங்கே நேரில் போவதைவிட, இரு தரப்பும் மதிக்கும் ஒரு பெரியவரை முன்வைப்பது நல்லது.

முதல் சந்திப்பில் அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்து ஒழுகும் அறையைக் காட்டுங்கள். “உங்கள் தளத்தால்தான் ஒழுகுகிறது” என்று தொடங்காமல், “எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, கொத்தனாரோடு ஏறி ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். அதற்குச் சம்மதித்தால் அவரும் உடன் வரட்டும்; வெடிப்பைத் தம் கண்ணால் பார்த்தவர் பிறகு அதை மறுப்பது அரிது.

வாய்மொழிப் பேச்சு பலிக்கவில்லை என்றால் கடிதம் எழுதுங்கள். பதிவு அஞ்சல் சேவை 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தின் உள்ளடக்கம் ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்:

“ஐயா, வணக்கம். நம் இரு வீடுகளுக்கும் பொதுவான தளத்தில் நீர்க்கசிவு ஏற்பட்டு, என் வீட்டின் பின்னறை சேதமடைந்து வருகிறது. பொறியாளரின் அறிக்கையும் படங்களும் இத்துடன் உள்ளன. தங்கள் பாகத்தின் தளத்தில் மூன்றடி அகலத்துக்கு ஆறு நாள்கள் பழுதுபார்க்கும் பணி செய்யத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். பணி காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே நடைபெறும். தற்போதைக்குச் செலவை நானே ஏற்கிறேன்; பங்கீடு பற்றிய இரு தரப்பு உரிமைகளுக்கும் இது குந்தகம் விளைவிக்காது. தங்கள் தளத்துக்குச் சேதம் ஏற்பட்டால் என் செலவில் சரிசெய்து தருவேன். இவ்வனுமதி இப்பணிக்கு மட்டுமே உரியது. நம் இருவருக்கும் ஏற்கெனவே உள்ள உரிமைகளை இது கூட்டவோ குறைக்கவோ செய்யாது. பதினைந்து நாள்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

இக்கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியை எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். அவருடைய அச்சத்தைப் போக்குவதும், உங்களுக்கு முன்பே உள்ள வசதியுரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிடாமல் காப்பதும் அந்த ஒரு வரிதான். குந்தகம் பற்றிய வரி இருப்பதால், வேலை முடிந்த பின் பங்குத் தொகையைக் கேட்கும் வழியும் அடைபடாமல் இருக்கும்.

பதில் வராத காலத்தில் சினம் கொண்டு செய்யக்கூடாதவை மூன்று: சொல்லாமல் அவர் தளத்தில் ஏறி வேலை செய்வது, அவருடைய நீர் வடியும் துளையை அடைப்பது, நீர் அவர் பக்கம் திரும்பும்படி உங்கள் ஓரத்தில் வரப்பு கட்டுவது. 24ஆம் பிரிவு தரும் துணை உரிமை இருந்தாலும், மறுக்கும் ஒருவரின் இடத்தில் நீதிமன்ற ஆணையின்றி நுழைந்தால் அத்துமீறல் புகாருக்கு ஆளாக நேரிடும். மாறாக, உங்கள் பக்கத்தில் செய்யக்கூடிய வேலையைச் செய்துவிடுங்கள். நடுச்சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக மெழுகி, நீர்க்காப்புப் பூச்சைச் சுவரில் ஓரடி உயரம்வரை ஏற்றிப் பூசினாலே சில வீடுகளில் ஒழுக்கு பெருமளவு குறைந்துவிடுகிறது.

அடுத்த கட்டங்கள்

பதினைந்து நாள் கடந்தும் பதில் இல்லை என்றால், வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ வட்டச் சட்டப்பணிகள் குழுவிடமோ மனு கொடுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, வழக்குத் தொடராத தகராறுகளையும் மக்கள் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியும். எதிர்த்தரப்புக்கு அரசு முத்திரையோடு அழைப்பு போகும். அதுவரை கதவைத் திறக்காதவர்கள் அந்த அழைப்புக்கு வந்துவிடுவதுண்டு. அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவியும் உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இந்த வழியைப் பலரும் அறியாமல் நேரே வழக்குக்குப் போய்விடுவது எனக்கு வருத்தம் தரும் ஒன்று.

தளமோ சுவரோ இடிந்து விழும் நிலையில் இருந்தால் பொறுத்திருக்க வேண்டியதில்லை. மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ பொறியாளர் அறிக்கையோடு மனு கொடுங்கள். அக்கம்பக்கத்தில் வாழ்வோருக்கு ஆபத்தான கட்டடம் குறித்து ஆணையிட, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. வெறும் ஒழுக்குக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

இவை எல்லாம் பயன்படாதபோதுதான் உரிமையியல் வழக்கு. அதில் கேட்க வேண்டியவை, வசதியுரிமை உண்டு என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையும், பழுதுபார்ப்பதைத் தடுக்கக்கூடாது என்ற உறுத்துக்கட்டளையும் (தடையாணையும்), அவருடைய செயலால் சேதம் வந்திருந்தால் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி அதைச் சரிசெய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையும் ஆகும். வழக்கோடு சேர்த்தே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதியின்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும் மனுவையும் போடச் சொல்லுங்கள். ஆணையர் பொறியாளரோடு வந்து இரு பாகங்களையும் பார்த்து அறிக்கை தருவார். ஏறவே விடாத தளத்தில் முதல்முறையாக யாரோ ஏறிப் பார்ப்பது பல வழக்குகளில் அன்றுதான். மழை நின்று கறை காய்ந்த பின் இந்த மனுவைப் போட்டால் பயன் குறையும். உங்கள் பக்க வேலையை நிறுத்த எதிர்த்தரப்பு உங்களுக்குத் தெரியாமல் இடைக்காலத் தடை வாங்கக்கூடும் என்று தோன்றினால், முன்னெச்சரிக்கை மனுவான கேவியட் தாக்கல் செய்யுங்கள். அது 90 நாள்களுக்குச் செல்லும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளம் ஒழுகுபவர்களுக்கு இந்த வழி முழுவதும் பொருந்தாது. அங்கே மொட்டை மாடி பொதுவாக அனைவருக்கும் உரிய பொதுப்பகுதி என்பதால், 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டத்தின் கீழ் அமையும் சங்கத்திடமே முதலில் எழுத வேண்டும்.

வேலை நடக்கும்போது

அனுமதி கிடைத்ததும் தை முதல் வைகாசி வரையுள்ள காய்ந்த காலத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் பாதியில் நிற்கும். சுண்ணாம்புத் தளத்தைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்கும் கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். மேலே சிமெண்டு பூசி முடித்துவிடலாம் என்பவர், உள்ளே உள்ள ஈரத்தை அங்கேயே அடைத்து மரக் கட்டையை உளுக்கச் செய்கிறார். கான்கிரீட் தளமானால் பத்தடிக்கு ஏறத்தாழ இரண்டு அங்குல வாட்டம் கிடைக்கிறதா என்று ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். தொடங்கும் முன் அவர் தளத்தின் நிலையைப் படம் எடுத்து ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். முடிந்ததும் அதே இடங்களை மறுபடியும் எடுத்துக் கொடுங்கள். செலவு ரசீதுகளின் நகலையும் சேர்த்து அனுப்பி, பங்குத் தொகையைப் பற்றி அப்போது கேளுங்கள்.

முதல் கனமழைக்கு மறுநாள், பழைய பென்சில் கோடுகளுக்கு அருகே ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் கடைசிக் குறிப்பை எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் இரு பாகங்களின் நீர் வடியும் வாய்களையும் சுத்தம் செய்து, முளைத்திருக்கும் கன்றுகளை வேரோடு எடுக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை, பக்கத்து உரிமையாளரோடு பேசும் நிலை ஏற்பட்டிருக்கும் அந்த நாள்களிலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.